வாட்டும் பொரியலும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் பாணனுக்கு வழியில் கிடைக்கும் உணவுகளை நிலந்தோறும் எடுத்துரைக்கின்றது. மருதநிலத்துப் பேரூரில் வெண்ணெற் சோற்றுடன் வீட்டில் வளர்ந்த பெடைக்கோழியின் ‘வாட்டு’ கிடைக்கும் என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். வாட்டு என்பதற்குப் பொரியல் என உரை கூறுவாரும் உளர். எனினும், வாட்டுதலாவது வெம்மையால் ஈரத்தை நீக்குதல். அதற்கு எண்ணெய் இன்றியமையாததன்று.

இப்பழஞ்சொல்லை இன்று எண்ணிப் பார்க்க வைப்பது, ஜொகூர்த் தமிழர் இல்லங்கள் பலவற்றில் இடம்பிடித்துவிட்ட ‘ஏர் ஃபிரையர்’ என்னும் கருவி. கோழி இறக்கைகளை இதில் இட்டு, ஒரு கரண்டி எண்ணெய்கூட இல்லாமல் மொறுமொறுப்பாக எடுக்கின்றனர். வாட்டுக்கும் இதற்கும் இடையே எண்ணெயின் நீண்ட கதை ஒன்று உண்டு. அக்கதையில் ஜொகூர்த் தமிழரின் வியர்வையும் கலந்துள்ளது.

கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமட் வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு எண்ணெய் அளந்து புழங்கும் பொருள். லயத்து வீட்டு விறகடுப்பில் தாளிப்புக்குச் சிறிது எண்ணெய் போதும். கோழி அடிப்பது தீபாவளிக்கும் குலதெய்வப் பூசைக்கும் விருந்தாளி வரும்போதுந்தான். அதுவும் குழம்பாகவே வைக்கப்படும். ஒரு கோழி ஒரு வீட்டிற்கே போதவேண்டுமல்லவா? சட்டி நிறைய எண்ணெய் ஊற்றி முக்கிப் பொரிப்பது அன்றையக் கூலிக்கு எட்டாத செயல்.

பின்னர்ச் செம்பனை வந்தது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கொன்னியே 1917இல் கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் அதனை வணிகப் பயிராக நட்டார். (மலாயாத் தோட்ட வாழ்வைப் பற்றி இவர் எழுதிய புதினம் 1930இல் கொன்கூர் பரிசு பெற்றது என்பதை இலக்கிய மாணவர்கள் அறிந்துகொள்ளலாம்.) ஜொகூரில் பெல்டாவின் முதற் செம்பனைத் திட்டம் 1961இல் கூலாயை அடுத்த தாயிப் அண்டாக்கில் தொடங்கியது. தனியார் தோட்டங்களிலும் பால்மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. சீவுகத்தி பிடித்த கைகள் குலைவெட்டும் அரிவாளை ஏந்தின. முள் தைத்த கைகளோடு உதிரிப் பழம் பொறுக்கினர் பெண்டிர். அப்பழத்தின் எண்ணெய் பாசிர் கூடாங் துறைமுகம் வழியே உலகெங்கும் சென்றது. மலிந்த விலையில் உழைத்தவர் வீட்டிற்கும் திரும்பி வந்தது.

எண்ணெய் மலிந்த காலத்திலேயே கோழியும் மலிந்தது. 1973இல் கோலாலம்பூரில் முதல் கே.எஃப்.சி. உணவகம் திறக்கப்பட்டபின், மாவுபூசிப் பொரித்த கோழி பட்டணத்துப் பெருமையாயிற்று. ஜொகூரோ கோழிப் பண்ணைகள் மலிந்த மாநிலம். பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கும் உயிர்க்கோழி அனுப்புவது. நாட்டில் கோழிக்குத் தட்டுப்பாடு வந்து 2022 சூன் முதல் நாள் ஏற்றுமதி நிறுத்தப்பட்டபோது, அண்டை நாட்டின் கோழிச்சோற்றுக் கடைகளே கலங்கின. திருநாள் உணவு இவ்வாறு அன்றாட உணவாயிற்று.

இதற்கு விலை இல்லாமற் போகவில்லை. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. பொரித்த உணவை மட்டும் இதற்குக் குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது. சீனியும் வெள்ளைச் சோறும் உடல் உழைப்புக் குறைந்த வாழ்க்கையும் உடன் நிற்கின்றன. ஆயினும் மருத்துவர் முதலில் விலக்கச் சொல்வனவற்றுள் எண்ணெய்ச் சட்டியும் ஒன்று.

இந்நிலையில்தான் பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் வெளியிட்ட கருவி வரவேற்புப் பெற்றது. பெயரில் பொரித்தல் இருப்பினும் இது பொரிப்பதில்லை. மேலே மின்கம்பி காய்கின்றது. விசிறி அவ்வெப்பக் காற்றைத் துளைக்கூடையைச் சுற்றி விரைந்து சுழற்றுகின்றது. ஈரம் அகன்றபின் ஏறத்தாழ 140 பாகைக்கு மேல் இறைச்சியின் புரதக்கூறுகளும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. லூயி மயார் 1912இல் விளக்கிய வினை இது. கோழி இறக்கை இதற்குப் பொருத்தமாவது, தோலும் தோலடிக் கொழுப்பும் அதில் மிகுதி என்பதால். அக்கொழுப்பே உருகித் தோலை மொறுமொறுப்பாக்குகின்றது.

ஈரத்தைத் துணியால் நன்கு ஒற்றியெடுப்பதே இதில் பாதி வேலை. பிறகு உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், சிறிது சோம்புத்தூள் பிசறி ஒரு மணிநேரம் வைக்கின்றனர். ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி, 200 பாகையில் ஏறத்தாழ 25 நிமிடம் வேகவிட்டு, நடுவில் ஒருமுறை திருப்புகின்றனர். அவசரத்தில் கூடையை நிரப்பினால் இறக்கை அவிந்துபோகும். காற்று நுழைய இடமின்றேல் வாட்டு இல்லை.

‘காற்றுப் பொரிப்பான்’ என்பது ஆங்கிலப் பெயரை அப்படியே மாற்றிய ஆக்கம். ‘வாட்டி’ என்றோ ‘காற்றுவாட்டி’ என்றோ வழங்கினால் வினையும் பெயரும் பொருந்தும். வேலை முடிந்ததும் கூடையின் அடித்தட்டில் கோழியின் கொழுப்பு மஞ்சளாய்த் தேங்கி நிற்கும். இன்று அதனைத் தாளில் துடைத்தெறிகின்றனர். லயத்து வீட்டுப் பாட்டிமார் கையில் கிடைத்திருந்தால் அது மறுநாள் குழம்பின் தாளிப்புக்கு ஆகியிருக்கும்.