கட்ஸெ: கண்ணிலிருந்து கைக்கு வந்த சொல்

எஸ்டோனிய மொழியில் சோதனைக்குக் ‘கட்ஸெ’ என்று பெயர். கடலுக்கு அக்கரையில் பின்னிஷ் மொழியிலும் இதே சொல் உண்டு. அங்கே அதற்குப் பார்வை என்று பொருள். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. பின்னிஷில் ‘கட்ஸோவா’ என்றால் பார்ப்பது. எஸ்டோனியத்தில் ‘கட்ஸுமா’ என்றால் தொட்டுப் பார்ப்பது, முயன்று பார்ப்பது. வெறுமனே கண்ணால் பார்ப்பதற்கு அவர்கள் வேறு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். ‘செய்து பார்’, ‘எழுதிப் பார்’ என்று பேசும் நமக்கு இந்த உறவு எளிதில் விளங்கும்.

பழைய பொருள் அடியோடு அழிந்துவிடவில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பரிசோடு குழந்தை பார்க்கப் போவதை எஸ்டோனியர் இன்றும் ‘கட்ஸிக்’ என்கிறார்கள். எனக்கு இந்தச் சொற்குடும்பத்தில் மிகவும் பிடித்த உறுப்பினர் இதுதான்.

மற்றபடி சொல் கைக்கு வந்துவிட்டது. நாடி பிடித்துப் பார்ப்பது, பலத்தைப் பரீட்சித்துக்கொள்வது, அதிர்ஷ்டத்தைச் சோதிப்பது எல்லாவற்றுக்கும் கட்ஸுமாதான். ஆய்வுக்கூடத்துச் சோதனைக்குழாய் ‘கட்ஸெக்லாஸ்’, அதாவது சோதனைக் கண்ணாடி. பிறர் பரிசோதனைக்கு ஆளாகும் மனிதர் ‘சோதனை முயல்’. அதிலும் வீட்டில் வளர்க்கும் முயலின் பெயரைச் சொல்லாமல் காட்டு முயலின் பெயரைச் சொல்கிறார்கள். வாழ்க்கையில் வரும் பெருஞ்சோதனை ‘கட்ஸுமுஸ்’.

ஜெர்மானிய மொழி வழியாக வந்த ‘ப்ரோவிமா’வும், பிற்காலத்து ‘டெஸ்டிமா’வும் பக்கத்திலேயே புழங்குகின்றன. மென்பொருளைச் சோதிப்பவர்கள் டெஸ்டிமா என்பார்கள். முன்பே வகுத்த அளவுகோலில் ஒன்றை வைத்துப் பார்க்க அந்தச் சொல் போதும். கட்ஸெ அப்படியல்ல, செய்பவரின் துணிவும் அதில் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் விளையாட்டில் ஒவ்வொரு வாய்ப்பும், ஒவ்வொரு தாவலும் எறிதலும், ஒரு கட்ஸெ.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் டெகத்லான் வீரர் எர்கி நோல் வட்டு எறிந்தபோது முதல் இரண்டு கட்ஸெயும் பவுல். மூன்றாவதற்கும் நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். அதுவும் போயிருந்தால் வட்டெறிதலில் அவருக்கு ஒரு புள்ளிகூடக் கிடைத்திருக்காது. நோல் முறையிட்டார்; தீர்ப்பு மாறியது; 43.66 மீட்டர் கணக்கில் சேர்ந்தது. மற்ற வீரர்களின் தரப்பு எதிர்த்தும் அந்த முடிவு நிலைத்தது. 8641 புள்ளிகளோடு தங்கம் எஸ்டோனியாவுக்குப் போனது. அந்த மூன்றாவது எறிதலை ‘டெஸ்ட்’ என்று எந்த எஸ்டோனியரும் சொல்லமாட்டார்.