ஃப்ளாரன்ஸ் வேலை கேட்டு வந்தபோது

1975 ஜனவரி 18, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘தி ஜெஃபர்சன்ஸ்’ என்ற புதிய நகைச்சுவைத் தொடரின் முதல் பகுதி ஓடுகிறது. நியூயார்க்கின் மன்ஹாட்டனில், கிழக்குப் பக்கத்து வசதியான தெருக்களில் ஒன்றில், உயரமான அடுக்குமாடிக் கட்டடம். அதில் ஓர் ஆடம்பர வீடு. குடியிருப்பவர்கள் ஜார்ஜ், லூயீஸ் என்ற கறுப்பினத் தம்பதியர். கதை முடியும் தறுவாயில் வீட்டு வேலைக்கான நேர்காணலுக்கு ஒரு கறுப்பினப் பெண் வருகிறாள். பெயர் ஃப்ளாரன்ஸ். அங்கே லூயீஸும், அதே கட்டடத்தில் வசிக்கும் ஹெலனும் நிற்கிறார்கள். இருவரும் கறுப்பினப் பெண்கள். நீங்கள் இரண்டு பேருமே இங்கே குடியிருப்பவர்களா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறாள். பிறகு, நாம்தான் எல்லாத் தடைகளையும் வென்று முடித்துவிட்டோமே, எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லவில்லை என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்கிறாள். அரங்கத்தில் இருந்த பார்வையாளர்கள் வெடித்துச் சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துக் கேட்டால், கேள்வி அப்படியே மிச்சமிருக்கிறது. ‘வெல்வோம்’ என்று பாடியபடி ஊர்வலம் போன கூட்டத்தில் ஃப்ளாரன்ஸும் இருந்திருப்பாள், அவளுடைய அம்மாவும் இருந்திருப்பாள். வென்றபின் மேலே போன குடும்பத்தில் தரையைத் துடைக்க அவளேதான் வந்து நிற்கிறாள்.

‘தி ஜெஃபர்சன்ஸ்’ பதினொரு பருவங்கள், 253 பகுதிகள் ஓடியது. கறுப்பினக் குடும்பம் செல்வச் செழிப்போடு வாழ்வதை இத்தனை நீண்ட காலம் காட்டிய தொடர் அதற்கு முன் இல்லை. தொலைக்காட்சி வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் ஜார்ஜைப் பற்றி எழுதுவார்கள். குள்ளமான, வாய்த்துடுக்கான, தற்பெருமை பிடித்த அந்த மனிதனாக நடித்த ஷெர்மன் ஹெம்ஸ்லி அதற்குத் தகுந்தவர்தான். ஆனால் எனக்கு இந்தத் தொடர் இரண்டு பெண்களின் கதை. அவர்களுக்கு நடுவே இருக்கும் கைப்பிடித் துணியின் கதை என்றும் சொல்லலாம்.

லூயீஸ் பணக்காரியாவதற்கு முன் பிறர் வீடுகளில் வேலை செய்தவள். முதல் பகுதியின் சிக்கலே இதிலிருந்துதான் பிறக்கிறது. அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் டயான் என்ற பெண்ணோடு லூயீஸ் தோழமையாகிறாள். லூயீஸும் தன்னைப்போல இங்கே யார் வீட்டிலோ வேலை செய்பவள் என்றே டயான் நினைத்திருக்கிறாள். நினைக்காமல் எப்படி? அந்தக் கட்டடத்தில் ஒரு கறுப்பினப் பெண் வேறு எதற்காக இருக்கப் போகிறாள்? ஜார்ஜோ வீட்டுக்கு ஒரு பணிப்பெண் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். பணிப்பெண் இருந்தால்தான் பணக்கார வீடு. லூயீஸுக்குக் கூசுகிறது. தான் செய்த வேலையைத் தனக்காக இன்னொருத்தி செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

லூயீஸாக நடித்தவர் இசபெல் சான்ஃபோர்ட். 1917இல் பிறந்தவர். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1967இல், ‘கெஸ் ஹூ இஸ் கமிங் டு டின்னர்’ திரைப்படத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் வெள்ளைக்காரச் செல்வந்தர் வீட்டுப் பணிப்பெண் டில்லியாக நடித்தவரும் அவரே. அந்த வீட்டின் வெள்ளைக்கார மகள், சிட்னி போய்ட்டியே நடித்த கறுப்பின மருத்துவரைத் திருமணம் செய்துகொள்ளப் போகிறேன் என்கிறாள். சமையலறையிலிருந்து அதைக் கடுமையாக எதிர்ப்பவள் டில்லி. எட்டே ஆண்டுகளில் சமையலறையிலிருந்து வரவேற்பறைச் சோபாவுக்கு வந்துவிட்டார் சான்ஃபோர்ட். இந்தத் தூரத்தை ஒரே உடம்பு கடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், லூயீஸின் கூச்சத்தில் நடிப்பு எவ்வளவு, நினைவு எவ்வளவு என்று யோசிப்பேன்.

அவருக்கு முன்னால் இருந்த வரிசை நீளமானது. 1950இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘பியூலா’வில் மையப் பாத்திரமே ஒரு கறுப்பினப் பணிப்பெண்தான். முதலில் எத்தெல் வாட்டர்ஸ், பிறகு ஹாட்டி மெக்டேனியல், அவர் நோயுற்றபின் லூயிஸ் பீவர்ஸ் என மூன்று பெரிய கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த ஒரே முந்தானையை, இல்லை, ஏப்ரனைக் கட்டிக்கொண்டார்கள். வெள்ளைக்காரக் குடும்பத்தின் சிக்கல்களைச் சிரித்த முகத்தோடு தீர்த்துவைப்பது பியூலாவின் வேலை. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி 1951இல் இந்தத் தொடரைக் கண்டித்தது. கண்டனம் நியாயமானதே. ஆனாலும் அந்த மூன்று பெண்களுக்கு வேறு என்ன வேடம் கிடைத்தது என்ற கேள்வியைக் கண்டித்தவர்கள் போதுமான அளவு கேட்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

திரைக்கு வெளியே நடந்ததைப் பார்க்கலாம். 1940இல் அமெரிக்காவில் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் பிறர் வீடுகளில் வேலை செய்தவர்கள். ஆனால் 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுப் பணியாளர்களையும் விவசாயக் கூலிகளையும் விலக்கி வைத்தது. தென் மாநில அரசியல்வாதிகளின் நெருக்கடியே காரணம் என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். வரி வசூலிக்கும் நடைமுறைச் சிக்கல் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எந்தக் காரணமாக இருந்தாலும் முதுமையில் கையில் ஒன்றுமில்லாமல் நின்றவர்கள் அதே பெண்கள்தான். 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும் அவர்கள் வெளியே.

அதே 1935இல் எல்லா பேக்கரும் மார்வெல் குக்கும் ‘தி கிரைசிஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதித் தெருமுனைகளில் காலையில் கறுப்பினப் பெண்கள் வந்து நிற்பார்கள். வீட்டுக்காரப் பெண்கள் வந்து, பேரம் பேசி, மணிக்கணக்கில் கூலிக்கு அழைத்துப் போவார்கள். மணிக்கு 30 சென்ட்டுக்கும் குறைவாகக்கூட. கட்டுரையாளர்கள் தாங்களும் வேலை தேடும் பெண்களாக அந்த முனைகளில் நின்று பார்த்து எழுதியது அது. ‘அடிமைச் சந்தை’ என்று அவர்கள் பெயரிட்டதில் மிகை ஏதுமில்லை. ஜெஃபர்சன் குடும்பம் குடியேறிய மன்ஹாட்டனிலிருந்து ஆற்றைக் கடந்தால் பிராங்ஸ்.

வீட்டுப் பணியாளர்களுக்குச் சங்கமே சாத்தியமில்லை என்று தொழிற்சங்கத் தலைவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் டாரத்தி போல்டன் அட்லாண்டாவின் பேருந்துகளில் ஏறினார். ஒன்பது வயதில் வேலைக்குப் போகத் தொடங்கியவர் அவர். ஒவ்வொருத்தியும் தனித்தனி வீட்டில் அடைபட்டிருந்தாலும், காலையும் மாலையும் எல்லோரும் ஒரே பேருந்தில்தான் வந்து போனார்கள். அதுதான் அவர்களுடைய தொழிற்சாலை வாசல். அங்கே பேசிப் பேசி 1968இல் சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினராக வேண்டுமானால் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

இதே அட்லாண்டாவில் 1881இல் சலவைத் தொழிலாளிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். இருபது பேரோடு தொடங்கி மூன்று வாரங்களில் மூவாயிரம் பேரானது அது. ஜார்ஜ் ஜெஃபர்சனின் செல்வம் எதிலிருந்து வந்தது என்பதை இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். உலர்சலவைக் கடைகள். கறுப்பினப் பெண்களின் கைகள் நூறாண்டுகளாகச் சோடாக் காரத்தில் வெந்த தொழில், கடையாகவும் இயந்திரமாகவும் மாறியபோது ஓர் ஆணின் பெயர்ப்பலகைக்குக் கீழே வந்துவிட்டது. தொடரை எழுதியவர்கள் இதை எண்ணி எழுதினார்களா என்பது எனக்கு முக்கியமில்லை.

கடைசியில் 1974இல் சட்டம் திருத்தப்பட்டது. நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் ஷர்லி சிஷம் அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர். அவருடைய அம்மாவும் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். முந்தைய ஆண்டு இதே திருத்தத்தைத் தள்ளுபடி செய்த அதிபர் நிக்சன் இம்முறை கையெழுத்திட்டார். வீட்டுப் பணியாளருக்கு மணிக்கு 1.90 டாலர் குறைந்தபட்சக் கூலி. அடுத்த ஜனவரியில் ஃப்ளாரன்ஸ் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே வருகிறாள். சட்டம் அப்போதுதான் அவளைத் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டிருந்தது. எட்டே மாதங்கள் ஆகியிருந்தன.

ஆனால் சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. வேலை செய்யும் வீட்டிலேயே தங்குபவர்களுக்கு மிகைநேரக் கூலி கிடையாது. முதியோருக்குத் துணையாக இருப்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியே கிடையாது. முதலில் வந்து போகிறவளாக இருந்த ஃப்ளாரன்ஸ் பின்னால் ஜெஃபர்சன் வீட்டோடு தங்கிவிடுகிறாள். குடும்பத்தில் ஒருத்தியாகிவிட்டாள் என்று பார்வையாளர்கள் மகிழ்ந்திருப்பார்கள். சட்டப்படி பார்த்தால் அன்றைக்கே அவள் ஓர் உரிமையை இழந்தாள். ‘எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்ற அன்பான சொல்லுக்கு உலகம் முழுக்க ஒரே கணக்குத்தான் போலிருக்கிறது. முதியோர் துணைப் பணியாளர் விதி பற்றி ஈவ்லின் கோக் என்ற பெண் வழக்குப் போட்டு 2007இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அந்த விதி பெருமளவு மாறியது 2015இல்தான்.

ஃப்ளாரன்ஸ் எதிர்க்காதவள் அல்ல. அழைப்பு மணி அடித்தால் எழுந்து போய்த் திறக்க மாட்டாள். ஜார்ஜ் கத்துவான். கடைசியில் அவனே போய்த் திறப்பான். பத்தாண்டுகள் ஓடிய இந்த நகைச்சுவையில் நான் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறேன். பியூலா அப்படி உட்கார்ந்திருக்க முடியுமா? ஜார்ஜின் உயரம், முடி, கஞ்சத்தனம் எதையும் அவள் விட்டுவைப்பதில்லை. இருந்தும் அவள் அவர்களை ‘மிஸ்டர் ஜெஃபர்சன்’, ‘மிஸஸ் ஜெஃபர்சன்’ என்றே அழைக்கிறாள். அவர்களுக்கு அவள் வெறும் ஃப்ளாரன்ஸ்.

பெயர் சின்ன விஷயமா? 1963இல் அலபாமாவின் ஒரு நீதிமன்றத்தில் உரிமைப் போராளி மேரி ஹாமில்டனை அரசு வழக்கறிஞர் ‘மேரி’ என்று அழைத்துக் கேள்வி கேட்டார். வெள்ளைக்காரப் பெண்களை அழைப்பதுபோல ‘மிஸ் ஹாமில்டன்’ என்று அழைக்கும்வரை பதில் சொல்ல மாட்டேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று சிறையும் 50 டாலர் அபராதமும் கிடைத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1964இல் அவர் பக்கம் தீர்ந்தது. ஆங்கிலத்தில் ஒரே ‘யூ’ எல்லோருக்கும் பொது என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். மரியாதை வேறெங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பதில்லை. என் வீட்டுக்குக் காலை ஏழு மணிக்கு வருகிறவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னை ‘டீச்சர்’ என்கிறார். நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகியிருந்தேன். இந்தக் கட்டுரைக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கிய பிறகு ‘அக்கா’ என்று கூப்பிட்டேன். “என்ன டீச்சர், உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். சம்பளத்தையும் உயர்த்தியிருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. அடுத்த மாதம் உயர்த்தினேன், தாமதமாக.

ஃப்ளாரன்ஸாக நடித்த மார்லா கிப்ஸ் 1931இல் சிகாகோவில் பிறந்தவர். தொடர் தொடங்கியபோது யுனைடெட் ஏர்லைன்ஸில் பயணச்சீட்டு முன்பதிவுப் பணியில் இருந்தார். தொலைக்காட்சியில் புகழ் பெற்ற பிறகும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்த வேலையை அவர் விடவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எது நிலைக்கும், எது நிலைக்காது என்று உழைக்கும் பெண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு.

1981இல் சிறந்த நகைச்சுவை நடிகைக்கான எம்மி விருது, முதன்மைப் பாத்திரப் பிரிவில், இசபெல் சான்ஃபோர்டுக்குக் கிடைத்தது. அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அடுத்தவர் குவின்டா பிரன்சன், 2024 ஜனவரியில் நடந்த விழாவில். இடையில் நாற்பத்திரண்டு ஆண்டுகள். துணைப் பாத்திரத்துக்காக மார்லா கிப்ஸ் ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டார். ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

1985 ஜூலை 2இல் ‘தி ஜெஃபர்சன்ஸ்’ நின்றுபோனது. விடைபெறும் பகுதி என்று ஒன்றை எடுக்கக்கூட வாய்ப்புத் தரப்படவில்லை. அதற்குள் மார்லா கிப்ஸ் லாஸ் ஏஞ்சலிஸில் தம்முடைய நாடகக் குழு வழியாக, கிறிஸ்டின் ஹூஸ்டன் என்ற பெண் எழுதிய நாடகம் ஒன்றை மேடையேற்றியிருந்தார். அதே செப்டம்பரில் அது ‘227’ என்ற தொடராக வந்தது. வாஷிங்டனில் ஒரு சாதாரண அடுக்குமாடி வீடு. அங்கே மார்லா கிப்ஸ் குடும்பத் தலைவி. பொழுது சாய்ந்தால் பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். அந்த வீட்டில் பணிப்பெண் இல்லை.