ஆனையிறவின் கிணறுகள்

நான் குடியிருக்கும் ஸ்ரீ கெம்பாங்கான், வேலிக்குள் பிறந்த ஊர். பிரிக்ஸ் திட்டத்தில் உருவான பழைய செர்டாங் புதுக்கிராமம்தான் இது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாவுக்கு அரிசி போகக்கூடாது, அதுதான் பிரிட்டிஷ்காரன் போட்ட கணக்கு.

ஆனையிறவுச் சண்டைகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் இந்த வேலி ஞாபகத்துக்கு வரும். அங்கே காடில்லை, உப்பளமும் வெட்டவெளியும்தான். 1991 ஜூலை 10-இல் விடுதலைப்புலிகள் அங்கிருந்த ராணுவ முகாமை நேருக்கு நேர் தாக்கினார்கள். ஒளிய ஒரு புதர்கூடக் கிடையாது. புல்டோசருக்கு இரும்புத் தகடு போர்த்தி முன்னால் நகர்த்தினார்கள். காமினி குலரத்ன என்ற சிங்களச் சிப்பாய் கையெறிகுண்டுகளோடு அதன்மேல் ஏறி, அதை நிறுத்தி, தானும் செத்தான். வெற்றிலைக்கேணியில் கடல்வழி இறங்கிய ராணுவம் முற்றுகையை உடைத்தது. புலிகளில் 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெரில்லா, ராணுவம் மாதிரி நின்றதற்கான விலை என்று இதைச் சுலபமாக எழுதிவிடுகிறார்கள். அந்த உப்புத்தரையில் ஓடிய பலருக்கு என் தங்கச்சி வயசுகூட இருந்திருக்காது.

2000-இல் செர்டாங் கணக்கையே கெரில்லா திருப்பிப் போட்டது. முகாமுக்குக் குடிதண்ணீர் கொடுத்த கிணறுகள் வடக்கே இயக்கச்சியில் இருந்தன. முதலில் அதைப் பிடித்தார்கள். ஏப்ரல் 22-இல் முகாம் விழுந்தது.