நெடுந்தூரப் பேருந்துப் போக்குவரத்து: விழுப்புரம் – திருவெண்ணெய்நல்லூர் வட்டாரம்

திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் நெடுந்தூரப் பேருந்தின் வரலாறு, பெரும்பாலும் ஊருக்குள் வராத பேருந்துகளின் வரலாறுதான். சுந்தரரைத் திருமணப் பந்தலிலிருந்து இறைவன் வழக்காடி அழைத்து வந்த தலம் என்றும், கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர் என்றும் பெயர் பெற்ற இவ்வூர், தென்பெண்ணையாற்றின் தென்கரையில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலைக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவர் விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் நெடுஞ்சாலை மேலுள்ள அரசூர் கூட்டுரோட்டில் நின்று கை காட்ட வேண்டும்.

ரயிலும் இப்படித்தான். 1879-இல் புதுச்சேரிப் பாதை திறக்கப்பட்ட காலத்திலிருந்து விழுப்புரம் சந்திப்பு வளர்ந்து, ஐந்து திசைகளில் பாதை பிரியும் நிலையமானது. விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் பாதையில் ‘திருவெண்ணெய்நல்லூர் ரோடு’ என்றொரு நிலையம் உண்டு. நிலையத்தின் பெயரில் ‘ரோடு’ ஒட்டியிருந்தால் ஊர் அங்கே இல்லை என்று கொள்ளலாம்.

தனியார் காலம்

தமிழகத்தில் ஊர்விட்டு ஊர் செல்லும் பேருந்துத் தொழிலின் தொடக்கத்தை, டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் தஞ்சாவூர்–புதுக்கோட்டை இடையே விட்ட பேருந்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். இந்த வட்டாரம் அன்று அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்திலும் பின்னர் தனி முதலாளிகளின் பேருந்துகள் ஓடின. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வந்தபின் எந்தத் தடத்தில் எத்தனை நடை, யாருக்கு பர்மிட் என்பதைப் போக்குவரத்து அதிகார அமைப்புகள் முடிவு செய்தன. பேருந்தைவிட பர்மிட்டுக்கு விலை கூடியது.

அடுத்து வந்தது இரண்டாம் உலகப் போர். பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு ஏற்பட்டதும் பல பேருந்துகள் கரி வாயுவில் ஓடின. வண்டியின் பின்புறம் ஆளுயர இரும்பு உலை ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். விடியுமுன் கிளீனர் அதில் அடுப்புக்கரியைக் கொட்டித் தீ மூட்டி, கைப்பிடியைச் சுற்றி ஊதவேண்டும். வாயு பதத்துக்கு வந்த பிறகுதான் இஞ்சின் கிளம்பும். மேடு வந்தால் வண்டி திணறும். பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். புகையும் கரியும் பட்டு வெள்ளை வேட்டி வெள்ளையாக வந்து சேராது. ‘கரி பஸ்’ என்ற பேச்சு அந்தத் தலைமுறையோடு போய்விட்டது.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு தனித்தன்மையும் இருந்தது. விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் பிரெஞ்சு ஆட்சி. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வரும்வரை, புதுச்சேரிச் சாலையில் போவது சுங்கச் சோதனையைக் கடந்து அயல் எல்லைக்குள் நுழைவதாகவே இருந்தது.

அரசுடைமை

திருப்பம் 1967-இல் வந்தது. சென்னையைத் தொடும் தடங்களும் 75 மைலுக்கு மேற்பட்ட நீண்ட தடங்களும் படிப்படியாக அரசுக்கு என்று அண்ணா தலைமையிலான அரசு கொள்கை வகுத்தது. விழுப்புரம்–சென்னை ஏறத்தாழ 160 கிலோமீட்டர்; எந்தக் கணக்கில் பார்த்தாலும் அது அரசின் பக்கம். சுற்றுவட்டக் குறுந்தடங்கள் பல தனியாரிடமே நின்றன. விழுப்புரம் நிலையத்தில் பக்கத்து ஊர்களுக்குத் தனியார் பேருந்தும் சென்னைக்கு அரசுப் பேருந்தும் நிற்கும் இன்றைய பிரிவினைக்கு வேர் இதில்தான் இருக்கிறது. தொலைவு அரசுக்கு, அண்மை முதலாளிக்கு என்ற இந்தப் பங்கீட்டைப் பற்றி அரசியல் வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. சிற்றூர்க்காரரின் அன்றாடத்தையோ இதுவே தீர்மானித்தது: முதல் பேருந்து ஒருவருடையது, அடுத்தது இன்னொருவருடையது, ஒன்றின் நேரம் மற்றொன்றுக்குத் தெரியாது.

ஐம்பதுக்கு மேல் பேருந்து வைத்திருந்த பெருமுதலாளிகளின் வண்டிகளை எடுத்துக்கொள்ள 1971-இல் தனிச் சட்டம் வந்தது. 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் கழகங்கள் பிறந்தன. 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமும், பின்னர் மாநிலம் முழுதும் விரைவுப் பேருந்து ஓட்டத் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகமும் தொடங்கின. திருவள்ளுவர் பேருந்தில் ஏறிவிட்டால் வழியில் நிற்காது என்பது பெருமை. அதே காரணத்தால் அரசூரில் கை காட்டியும் பயனில்லை.

பெயர்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. 1997-இல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் கழகம் தொடங்கியபோது தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. அதன் பின் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு நீக்கியது. 1993-இல் உருவானபோது ராமசாமி படையாட்சியார் பெயரைத் தாங்கிய விழுப்புரம் மாவட்டம் வெறும் விழுப்புரம் ஆனது. தந்தை பெரியார் கழகம், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (விழுப்புரம்) ஆனது. திருவள்ளுவர் கழகம், அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் குறள் மட்டும் தங்கிவிட்டது.

சாலை நின்ற நாட்கள்

சென்னையும் தென்மாவட்டங்களும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை என்ற இந்த ஒற்றைச் சாலையை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பதை ஊர் உலகம் உணர்ந்தது 1987 செப்டம்பர் 17 முதல் 23 வரை. இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் அறிவித்த ஒரு வாரச் சாலை மறியலில், வட மாவட்டங்களில் சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பேருந்துகள் பணிமனைகளில் நின்றன. அந்தப் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தனர். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு வந்ததன் பின்னணியில் அந்த ஒரு வாரம் இருக்கிறது.

நான்கு வழிச்சாலையும் புறவழியும்

2000-க்குப் பின் நெடுஞ்சாலை நான்கு வழியானது. சாலையோரப் புளியமரங்கள் போயின. விக்கிரவாண்டியிலும் செங்குறிச்சியிலும் சுங்கச்சாவடிகள் வந்தன. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய இரவுகளில் விக்கிரவாண்டியில் வாகனம் அசையாமல் நிற்பது ஆண்டுதோறும் செய்தியாகிறது. திண்டிவனம், விழுப்புரம் இரண்டுக்கும் புறவழிச்சாலை உண்டு. இதனால் ‘பைபாஸ் ரைடர்’ என்ற பலகை பிறந்தது. ஊருக்குள் நுழையாமல் ஓடும் வண்டி, நெடும்பயணிக்கு நேரத்தை மிச்சப்படுத்தியது. நடுவழியில் இறங்குகிறவருக்கு அது நள்ளிரவில் புறவழிச்சாலையோரம் பையும் பிள்ளையுமாக நிற்பதாக முடிந்தது.

சென்னையில் கிளம்பும் இடத்திலும் இந்தப் பாகுபாடு தெரியும். திருவிழாக் கூட்டத்தில் நடத்துநர் படிக்கட்டில் நின்று, “திருச்சி டிக்கெட் மட்டும் ஏறுங்க, விழுப்புரம், உளுந்தூர்பேட்டையெல்லாம் அப்புறம்!” என்பார். பாதி வழியில் காலியாகும் இருக்கை வசூலுக்கு நட்டம் என்பது அவர் கணக்கு. அரசூருக்குப் போகிறவர் முழுத் தொகை கொடுக்கிறேன் என்று கெஞ்சி ஏறுவதும் நடக்கும்.

ஒப்பந்த ஊர்தி பர்மிட்டில் ஓடும் ஆம்னி பஸ்கள், படுக்கை வசதியோடும் செல்பேசி முன்பதிவோடும், இந்தச் சாலையில் இரவெல்லாம் போகின்றன. இந்த வட்டாரத்துக்கு அவை பெரும்பாலும் கடந்து போகும் விளக்குகளே. இங்கே அதிகம் உணரப்பட்ட மாற்றம் 2021 மே மாதத்தில் வந்தது: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம்; பின்னாளில் அதற்கு ‘விடியல் பயணம்’ என்று பெயர். ஊரிலிருந்து நகரப் பேருந்தில் வரும் துண்டுக்குப் பணம் வேண்டாம். அதன் பின் ஏறும் தொலைதூர வண்டிக்கு டிக்கெட் வாங்க வேண்டும்.

சென்னை முனையும் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பாரிமுனையில் இருந்த நிலையம் 2002 நவம்பரில் கோயம்பேட்டுக்கும், தென்திசைப் பேருந்துகளுக்கானது 2023 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையத்துக்கும் போயின. விழுப்புரத்தாருக்குப் பயணத்தில் கொஞ்சம் மிச்சம். ஆனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி மாநகருக்குள் போக இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும். அங்கே நின்று குறைப்பட்டுக்கொள்ளும் சென்னைவாசியின் நிலை, அரசூரில் நிற்பவருக்குப் புதிதல்ல.

2024 நவம்பர் 30-இல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. அதிலிருந்து பிரியும் மலட்டாற்றின் வெள்ளம் அரசூரில் நெடுஞ்சாலை மேல் ஏறி ஓடியதில் சென்னை–திருச்சி போக்குவரத்து அறுந்தது. விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் உயர்ந்ததால் ரயில்களும் நின்றன. நீர் வடிந்து பேருந்துகள் ஊரத் தொடங்கியபோது, நிவாரணம் வரவில்லை என்று அரசூர்ப் பக்கத்து இருவேல்பட்டு மக்கள் அதே சாலையில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். வெள்ளம் விட்ட வண்டிகளை இம்முறை ஊர்க்காரர்கள் நிறுத்தினார்கள்.