எலும்பு சொன்னதும் மணி சொல்லாததும்

நியூசிலாந்தின் வடதீவில், வாங்கரேய் பக்கத்து மவோரிக் கிராமம் ஒன்றில், 1836ஆம் ஆண்டளவில் பெண்கள் சிலர் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்ட வில்லியம் கொலென்சோ என்னும் மிஷனரி, ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை மாற்றாகப் பெற்றுக்கொண்டார். உண்மையில் அது பாத்திரமன்று; விளிம்பு உடைந்துபோன கப்பல் மணி. கவிழ்த்தால் மணி, நிமிர்த்தினால் சட்டி. அதைச் சுற்றிப் பொறித்திருந்த எழுத்து எந்த மொழியினது என்று அவருக்கு விளங்கவில்லை. எழுத்துச் சற்றுப் பழையதாயினும் நம்மவர் கண்ணில் பட்டிருந்தால் உடனே விளங்கியிருக்கும். முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழில் இருந்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நாம் நாளும் கேட்கும் பெயர்!

மணியை வாசிக்க முடியாத அதே கொலென்சோ, வேறொன்றைச் செம்மையாக வாசித்தார். 1838இல் கிழக்குக் கரையோரம் பயணம் செய்தபோது, ‘மோவா’ என்ற ஒரு பெரும் உயிரைப் பற்றி மவோரிகள் சொல்லக் கேட்டார். பின்னர் சில எலும்புகள் அவரிடம் வந்தன. பெரும்பாலும் தொடையெலும்புகள். அவற்றைக் கொண்டு, இது தீக்கோழியின் இனஞ்சார்ந்த ஒரு பறவை என்று 1842இல் எழுதினார்.

அதற்கு முன்பே, 1839இல், இலண்டனில் ரிச்சர்ட் ஓவன் என்ற உடற்கூற்றறிஞரிடம் ஜோன் ரூல் என்ற வைத்தியர் ஓர் எலும்புத் துண்டைக் கொண்டுவந்திருந்தார். இரு முனைகளும் முறிந்த ஆறங்குலத் துண்டு. முதற் பார்வையில் அதை மாட்டெலும்பு என்றே ஓவன் ஒதுக்கப் பார்த்தார். ஆனால் அழிந்துபோன ஒரு பறவையின் எலும்பு என்று மவோரிகள் வழிவழியாகச் சொல்லி வந்ததை ரூலின் கடிதம் தெரிவித்திருந்தது. புகழ் முழுவதும் ஓவனுக்குப் போய்விட்டதால் இதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஓவன் கண்டதை விளங்கிக்கொள்ள முற்றத்துக் கோழியைப் பார்த்தாலே போதும். கோழியின் முழங்கால் பின்பக்கம் மடிவதாக நினைக்கிறோம். மடிவது முழங்காலன்று, கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. அதற்கும் மேலே, உடலோடு ஒட்டிக் குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பதே தொடையெலும்பு. (கோழிக்கறி உண்ணாத நான் இதை உயர்தர வகுப்பு விலங்கியல் ஆசிரியரிடம் கேட்டே தெரிந்துகொண்டேன்.) ரூல் கொண்டுவந்தது அந்த எலும்பின் நடுத்துண்டு. அதன் உட்புறத்தில் வலை பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக எலும்பிழைகள் ஓடின. மாட்டெலும்பில் அந்தப் பின்னல் இல்லை, தீக்கோழியில் உண்டு. ஆனால் தீக்கோழியின் தொடையெலும்புக்குள் காற்று புகும். இதில் அதற்கு வழியில்லை, மச்சையே நிறைந்திருந்தது. ஆகவே தீக்கோழியிலும் கனத்த, மந்தமான பறவை என்றார் ஓவன். சங்கத்தின் வெளியீட்டுக் குழுவினர் தயங்கினார்கள். பொறுப்பு அவருடையதே என்று சொல்லித்தான் அச்சிட்டார்கள். 1843இல் நியூசிலாந்திலிருந்து எலும்புகள் பெட்டியில் வந்து சேர்ந்தபோது அவர் சொன்னது மெய்யாயிற்று.

இங்கே கதையை முடித்தால் ஓவன் தீர்க்கதரிசி ஆகிவிடுவார். ஆனால் பெரிய காலெலும்பு ஓரினம், சிறிய காலெலும்பு வேறினம் என்று அவரும் பின்வந்தோரும் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனார்கள். 2003இல் எலும்புகளிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தபோது, மிகப் பெரிய மோவாக்களில் பெரியதென்றும் சிறியதென்றும் பிரித்தவற்றுட் பல ஒரே இனத்தின் பெண்ணும் ஆணும் என்று தெரியவந்தது. பெண் பறவை 200 கிலோவையும் தாண்டும். ஆண் அதில் பாதிக்கும் குறைவு. இன்று ஒன்பது இனங்களே கணக்கில் உள்ளன.

காலெலும்பின் குறுக்குவெட்டில், மரத்தில் இருப்பதுபோல, வளர்ச்சி வளையங்கள் இருப்பதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்றுள்ள பறவைகள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் வளர்ந்து முடிகின்றன. சில மோவாக்களுக்குப் பத்தாண்டு வரை பிடித்தது. குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் தாய் வேட்டைக்கு இரையானால் இனம் எப்படித் தங்கும்? 13ஆம் நூற்றாண்டளவில் மனிதர் அங்கு குடியேறினர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குள் மோவா இல்லாமற் போயிற்று.

இனி மணிக்கு வருவோம். டச்சுக்காரரான தாஸ்மன் 1642இல் நியூசிலாந்தைக் காணுமுன்பே தமிழர் அங்கு போய் இறங்கினர் என்று மேடைகளில் முழங்குவோர் நம்மிடையே உண்டு. ஓர் எலும்பிலிருந்து ஒரு பறவையை எழுப்பலாமெனில் ஒரு மணியிலிருந்து ஒரு கடற்படையை எழுப்பக்கூடாதா என்பது அவர்கள் வாதம். எலும்பு பறவையின் உடலில் வளர்ந்தது; அது தாங்கிய பாரம் அதன் அமைப்பிலேயே பதிந்திருக்கிறது. மணி அப்படியன்று. விற்கலாம், களவு போகலாம், ஆளில்லாக் கப்பலோடு மிதந்து போகலாம். அதில் ஆண்டும் இல்லை, துறைமுகமும் இல்லை.

நம் நகரின் பெயர் தாங்கிய ‘திருகோணமலை’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் 1817இல் பம்பாயில் கட்டப்பட்டது. தேக்கு மரக் கப்பல். இப்போது இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது. நாளை அதன் பெயர்ப்பலகையை மட்டும் எவராவது கண்டெடுத்து, நம் பாட்டன்மார் ஹாட்டில்பூலை ஆண்டார்கள் என்று எழுதினால் சிரிக்கமாட்டோமா?

முகைதீன் பக்ஸ் என்றொருவர் இருந்தார், கப்பல் வைத்திருந்தார், அதன் மணியில் தமிழில் பெயர் பொறித்தார். இவ்வளவுதான் உறுதி. இதுவும் எனக்குச் சிறிதாகத் தோன்றவில்லை. பெருமரம் ஒன்று காற்றில் சாய்ந்தபோது வேரடியில் அந்த மணி கிடைத்ததென்று ஊரார் கொலென்சோவிடம் சொன்னார்கள். இப்போது அது வெலிங்டனில், தெ பாப்பா நூதனசாலையில் இருக்கிறது. ஓவன் ஆராய்ந்த ஆறங்குல எலும்பு இலண்டனில் இருக்கிறது.