முதல் வேலை விண்ணப்பமும் மதரஸா படிப்பும்

1780-ல் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயத் தளபதி பெய்லியை முறியடித்த ஊர் புள்ளலூர். இன்று அந்த வட்டாரத்து நம் பிள்ளைகளின் பார்வை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் மீது இருக்கிறது. அவர்களில் ஆலிம் பட்டமும் பி.ஏ. பட்டமும் சேர்த்துப் பெற்றவர்கள் முதல் விண்ணப்பத்திலேயே தடுமாறுகிறார்கள். சிலர் மதரஸாவில் ஓதிய 7 ஆண்டுகளை அடியோடு மறைத்துவிடுகிறார்கள். விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அது சும்மா இருந்த காலமாகவே தெரியும். மறைக்க என்ன இருக்கிறது?

வேறு சிலர் பெயருக்குப் பின்னால் பாகவி, மன்பஈ, ஜமாலி என்று மட்டும் போடுகிறார்கள். நமக்குப் புரியும், நிறுவனத்தாருக்குப் புரியாது. "ஆலிம் பட்டம், 7 ஆண்டு முழுநேரப் படிப்பு" என்று எழுதி, அரபுக் கல்லூரியின் பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். அரபி எழுத, படிக்கத் தெரிந்தால் மொழிகள் பகுதியில் சேருங்கள். ஸனது அரபியில் இருந்தால் மொழிபெயர்ப்பையும் இணைப்பது நல்லது. பி.ஏ. பட்டத்தைத் தனி வரியில், தபால் வழியா நேரடியா என்று உள்ளபடி எழுத வேண்டும்.

அரசுப் பணி என்றால் விஷயம் வேறு. பெற்றோர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். 10-ஆம் வகுப்பு, +2, பிறகு பட்டம் என்ற வரிசை அவசியம். +2 எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்து வாங்கிய பட்டம் செல்லாது. இதற்கான தமிழக அரசின் ஆணை 2009-லேயே வந்துவிட்டது. எவ்வளவு நேர்த்தியாக விண்ணப்பம் எழுதினாலும் இந்தக் குறையை மூட முடியாது. ஆகவே, ஓதும் காலத்திலேயே தனித்தேர்வராக +2 தேர்வை எழுத வையுங்கள். மதரஸா நிர்வாகிகளும் தேர்வு நாட்களுக்கு விடுப்பு தர வேண்டும் என்பது நம் கோரிக்கை.

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. லெப்பை, தக்னி, ஷேக், சையத் உள்ளிட்ட 7 பிரிவினர் அதில் வருகிறார்கள். சாதிச் சான்றிதழில் உட்பிரிவு சரியாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பெயர். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதுகிறோம். 10-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள எழுத்துகளும் தலைப்பெழுத்தும் ஆதாரிலும் விண்ணப்பத்திலும் அப்படியே இருக்கட்டும். மவ்லவி, ஹாஃபிழ் போன்ற பட்டங்களைப் பெயர்க் கட்டத்தில் சேர்க்க வேண்டாம். அவற்றுக்குக் கல்வித் தகுதிப் பகுதி இருக்கிறது.