தோட்டத்துப் பதிவேடும் கைபேசி இரகசிய எண்ணும்

பதுளையிலிருந்து செங்கலடி நோக்கி இறங்கும் வீதியில், நமுனுகுல மலைத்தொடரை அண்டி இருக்கிறது பசறை. இலங்கையின் கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அருகிலுள்ள மடுல்சீமையில்தான். கோப்பி போய்த் தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் நிலைத்தன. இத்தோட்டங்களின் வரலாற்றைப் பயிரையும் கூலியையும் வைத்துப் பலர் எழுதியிருக்கிறார்கள். சீட்டுகளையும் பதிவேடுகளையும் வைத்துப் படித்தாலும் ஓர் உண்மை தெளிவாகிறது: தொழிலாளியின் பெயரும் கணக்கும் எவர் கையில் இருந்தனவோ, அவர் கையிலேயே தொழிலாளியின் உழைப்பும் உரிமையும் இருந்தன. ஆகவே, கடவுச்சொல்லைச் சொல்லாதே, தெரியாத லிங்கைத் தொடாதே, கேட்பவர் யாரென்று உறுதிசெய் என்று இன்று ஊழியர்களுக்குக் கற்பிக்கப்படும் பழக்கங்களை நகரத்து அலுவலகங்களுக்கு மட்டுமே உரியவை என்று மலையகம் ஒதுக்கிவிடக் கூடாது.

முதலில் துண்டு முறையை எடுத்துக்கொள்வோம். துண்டு என்பது தோட்டத்தை நிர்வகித்த துரை எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு. இன்ன தொகைக் கடனைக் கட்டினால் தொழிலாளரைத் திரட்டி வந்த இந்தக் கங்காணியும் அவருடைய ஆட்களும் விடுவிக்கப்படுவார்கள் என்று அதில் இருக்கும். கங்காணி அதைக் காட்டி வேறொரு தோட்டத்தில் முன்பணம் வாங்குவார். பழைய கடன் தீரும். ஆட்கள் புதிய கடனோடு இடம் மாறுவார்கள். கடனைச் சுமந்தவர்கள் தொழிலாளர்கள். ஆனால் சீட்டு அவர்கள் கையில் இல்லை; அதன் ஆங்கிலம் அவர்களுக்குத் தெரியாது; தொகை சரியா என்று கேட்கவும் வழியில்லை. கடன் ஏறிக்கொண்டே போனதற்குக் குறைந்த கூலி ஒரு காரணம் என்றால், கணக்கைச் சரிபார்க்க முடியாமல் போனது இன்னொரு காரணம். துண்டை 1921இல் சட்டம் தடை செய்தது. ஆனால் பெயரைப் பிறர் எழுதி, பிறர் வைத்திருக்கும் ஏற்பாடு அதோடு முடியவில்லை. காலையில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டில் பெயர் பதிவாகும். முழு நாள் கூலியான முழுப் பேரா, அரை நாள் கூலியான அரைப் பேரா என்பது செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறும். செக்ரோல் தோட்ட அலுவலகத்தில் இருக்கும். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்களும் அலுவலகத்துக்கே வந்து, அங்கிருந்து கைமாறித்தான் உரியவரைச் சேர்ந்தன. பல தோட்டங்களில் இன்றும் அப்படித்தான்.

பெயரும் பதிவும் பிறர் கையில் இருந்ததன் முழு விலையையும் மலையகம் கொடுத்தது குடியுரிமைக் கேள்வி எழுந்தபோது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம். 1951 ஆகஸ்டில் அது முடிந்தது. பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் ஏராளம். வேலை செய்ததற்கான சான்றோ அலுவலகப் பதிவேட்டில் இருந்தது. சுமார் 237,000 விண்ணப்பங்கள் 824,000 பேருக்காகப் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கே. மறுப்பின் வேர் அரசியல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த அரசியல் கையிலெடுத்த கருவி ஆவணம். தலைமுறை தலைமுறையாக மலையை வளப்படுத்தியவர்களிடம், தம்மைத் தாமே நிரூபிக்க ஒரு தாள் இல்லாமல் போனது. இந்த நாடற்ற நிலையைச் சட்டத்தளவில் முடிக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது அந்தத் தாள்களின் இடத்தைக் கைபேசி எடுத்துக்கொண்டிருக்கிறது. வங்கிக் கணக்கு, அடையாள அட்டையின் படம், அஸ்வெசும அரச உதவித்தொகை விபரம், வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பும் பணம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆனால் பிறர் கையில் கொடுக்கும் வழக்கம் மாறவில்லை. விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவரிடம் போனைக் கொடுக்கிறோம், வந்த ஓ.டி.பி. என்ற ஒருமுறைக் கடவு எண்ணை வாய்விட்டுச் சொல்கிறோம். வங்கி அட்டையோடு இரகசிய எண்ணையும் எழுதிக் கொடுத்துப் பணம் எடுத்துவரச் சொல்கிறோம். கல்விக்கும் மொழியுரிமைக்கும் வழி மறுக்கப்பட்ட மக்கள், பிழைப்பதற்காகப் பழகிக்கொண்ட வழக்கம் இது. அதனால்தான் அதைக் கண்டிப்பது பயன் தராது. அது எங்கிருந்து வந்தது என்று உணர்ந்து விடுபட வேண்டும்.

நம்மிடம் திருட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. மோசடிக்காரருக்கு வேண்டியது நம் பணம் மட்டுமல்ல, நம் பெயரும்தான். பிறரை ஏமாற்றிச் சேர்த்த பணத்தைக் கடத்த அவருக்கு ஒரு சாதாரண மனிதரின் கணக்கு போதும். பொலிஸ் தேடி வருவது கணக்குக்காரரை. சிறிய ஊழியரும் பெரிய கதவுக்குச் சாவியாக முடியும். பங்களாதேஷ் மத்திய வங்கிக்குள் திருடர்கள் நுழைந்தது, வேலைக்கு விண்ணப்பிப்பதுபோல வந்த மின்னஞ்சல்களை ஊழியர்கள் திறந்ததால் என்று அமெரிக்கப் புலனாய்வு சொல்கிறது. 2016 பெப்ரவரியில் 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலர் தப்பியது. பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருப்பதை இடையிலிருந்த வங்கி கவனித்துக் கேள்வி கேட்டதே காரணம். பசறையின் தபாலகத்திலோ வங்கிக் கிளையிலோ தோட்ட அலுவலகத்திலோ இருக்கும் கிளாக்கரும் செய்யக்கூடிய வேலைதான் அது.

ஒருவருக்கொருவர் உதவித்தானே லயத்து வாழ்க்கை நடக்கிறது, இரகசியம் காப்பது உறவை முறிக்காதா என்பது இன்னொரு கேள்வி. மதிக்க வேண்டிய கேள்வி இது. ஆனால் உதவுவது வேறு, உரிமையைக் கைமாற்றுவது வேறு. படிவத்தைப் பக்கத்திலிருந்து நிரப்பிக் கொடுக்கலாம். எண்ணை உரியவரே அழுத்தலாம். பாதுகாப்பு முழுவதும் தொழிலாளியின் பொறுப்பா என்று கேட்பதும் நியாயமே. 2023 ஆகஸ்டில் அரசின் மேகக் கணினி தாக்கப்பட்டபோது, மே மாதத்திலிருந்து சேர்ந்த மின்னஞ்சல்கள் மறுபிரதி இல்லாததால் அழிந்தன. பழைய மென்பொருளை மாற்றாமல் விட்டதும் வெளிவந்தது. அது நிறுவனத்தின் தவறு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விபரத்தை வைத்திருப்பவரின் கடமையை வகுத்திருக்கிறது. தொழிலாளரின் அடையாள அட்டைப் பிரதியும் சேமலாப நிதி விபரமும் வைத்திருக்கும் தோட்டக் கம்பனிகள் அதைத் தமிழில் விளக்கி நடைமுறைப்படுத்த வேண்டும். ஆனால் நிறுவனம் திருந்தும்வரை நம் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே தொழிற்சங்கங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் படித்த பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் அவரவர் இரகசிய எண்ணை அவரவரே வைக்கக் கற்றுக்கொடுங்கள். ஓ.டி.பி.யை வங்கியே கேட்டாலும் சொல்லக்கூடாது என்று சொல்லுங்கள். அவசரப்படுத்தும் அழைப்பைத் துண்டித்து, வங்கியின் சொந்த இலக்கத்துக்கு நாமே அழைக்கப் பழக்குங்கள். அலுவலகத்தில் வேலை செய்வோர் எழுந்து போகும்போது கணினியைப் பூட்டட்டும், பதிவேடுகளின் மறுபிரதியை வேறிடத்தில் வைக்கட்டும். ஒரு தாள் இல்லாததால் நாடிழந்த மக்களின் வாரிசுகள், தம் பெயரை இனி எவர் கையிலும் ஒப்படைக்கக் கூடாது.